டெல்லி கான்ட்ராக்டா, வீட்டுப் பக்கத்து வேலையா? வடசென்னைக்காரருக்கு ஒரு முழுக் கணக்கு

2023 தொடக்கத்தில் ஒரு நாள், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்று டெல்லி கான்ட்ராக்ட் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணலியில் பல வருடம் ரிக்கராக (கனமான சாமான்களைக் கட்டித் தூக்கும் வேலை) இருந்து ஓய்ந்த அண்ணன் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்பளத்த வுடுப்பா. வருசத்துல எத்தினி மாசம் துட்டு வரும், எத்தினி நாளு ஊட்ல இருப்ப, அத்த சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே ரயில் ஏறினேன்.

அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் எப்படிக் கணக்குப் போடுவது என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்த சைட் சூப்பர்வைசர். அதனால் உதாரணங்கள் சைட் வேலையை ஒட்டியே இருக்கும். கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் டூல்பாக்ஸ் டாக் (வேலை தொடங்குமுன் ஆட்களுக்குச் சொல்லும் பாதுகாப்புப் பேச்சு) பகுதியைத் தாண்டிவிடலாம், மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். விழுப்புரத்திலிருந்து கிண்டிக்கு வரலாமா என்று யோசிக்கும் தம்பிக்கும் இதே கணக்குதான். அவருக்குச் சென்னைதான் டெல்லி.

முதல் படி: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

பலர் "டெல்லி கான்ட்ராக்ட்" என்பதையும் "இங்கே பர்மனென்ட்" என்பதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் கற்பனை. மணலி, எண்ணூர் ஆலைகளின் வாசலில் காலையில் கேட் பாஸ் காட்டி உள்ளே போகிறவர்களில் கணிசமானவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தான். ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலம், வந்தால் முப்பது, நாற்பது நாள் இரவு பகலாக வேலை, முடிந்தால் வீடு. ஆகவே கட்டங்கள் நான்கு: அங்கே கான்ட்ராக்ட், அங்கே ரோல் (கம்பெனியின் நேரடி ஊழியர்), இங்கே கான்ட்ராக்ட், இங்கே ரோல். உங்கள் கையில் இப்போது எந்த இரண்டு கடிதம் இருக்கிறதோ அந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். "சீக்கிரம் ரோலில் எடுத்துக்கொள்வோம்" என்று வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்?

"சென்னையிலேதானே வேலை" என்று சொல்பவர் எண்ணூரிலிருந்து சிறுசேரிக்கு ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்திருக்க மாட்டார். தூரத்தைக் கிலோமீட்டரில் எடுக்காதீர்கள். வீட்டுப் படியிறங்கி, வேலை இடத்தில் கையெழுத்துப் போடும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது பதினோரு மணிக்குப் போவோம், ரோடு காலியாக இருக்கும். அதை நம்பக் கூடாது. டூட்டி நேரத்தில் ஒரு நாள் போய்வாருங்கள்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்களுக்கு என் அனுபவக் கணக்கு இது. மணலி, மாதவரம், எண்ணூர் என்றால் உண்மையிலேயே பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரல், கிண்டி பக்கமும் எளிதாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் புறநகர் ரயில் உண்டு. ஒரு வண்டி தவறினால் அரை நாள் கெடும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றால் கம்பெனி பஸ் வருகிறதா, எந்த முனையில் ஏற்றுகிறது என்று கேளுங்கள். தினமும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனால், குழந்தை தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகுதான் வருவீர்கள். அதை "வீட்டுப் பக்கத்து வேலை" என்று கணக்கில் எழுதாதீர்கள். அந்த நிலையில் டெல்லி அறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாம் படி: மாதச் சம்பளத்தை அழித்துவிட்டு ஆண்டுக் கணக்கு எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு நோட்டில், பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லியில் மாதம் 55,000 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். மாதவரம் பக்கம் 36,000 ரூபாய், கம்பெனி ரோல், பி.எஃப். உண்டு. பார்த்தவுடன் 19,000 வித்தியாசம் கண்ணைப் பறிக்கும்.

டெல்லி வரவு 11 மாதத்துக்கு 6,05,000. பன்னிரண்டாவது மாதம் அடுத்த ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் மாதம், அதற்குப் பூஜ்யம். நடுவில் வீட்டுக்கு வந்து போகும் 12 நாளுக்குச் சம்பளம் இல்லை என்றால் 22,000 போகும். மிச்சம் 5,83,000.

இனி செலவு. அறை வாடகை 9,000, கரண்ட் 1,500, சாப்பாடு 7,500, உள்ளூர்ப் போக்குவரத்து 2,000. மாதம் 20,000, பதினோரு மாதத்துக்கு 2,20,000. வீட்டுக்கு மூன்று முறை ரயிலில் வந்து போக 15,000. அவசரத்துக்கு ஒரு தடவை விமானம், அதற்கு 14,000. "அவசரமெல்லாம் வராது" என்று இதை அடிக்காதீர்கள், கட்டாயம் வரும். மெத்தை, கம்பளி, ஹீட்டர், ஸ்வெட்டர், கிளம்பும்போது பாதி விலைக்கு விற்கும் சாமான் என்று 16,000. மொத்தச் செலவு 2,65,000. கையில் நிற்பது 3,18,000.

மாதவரம் வேலைக்கு வருவோம். 36,000-இல் பி.எஃப். பிடித்தம் 1,800, அதாவது 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம். கைக்கு 34,200. வீட்டிலேயே இருந்தாலும் நமக்கான சாப்பாடு, பெட்ரோல், டீக்காசு என்று 5,700 எழுதுங்கள். மிச்சம் 28,500, ஆண்டுக்கு 3,42,000. நம் பி.எஃப். பங்கு 21,600, கம்பெனி போடும் பங்கு 21,600. அந்த இரண்டாவது பங்கில் மாதம் 1,250 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போகும், 550 மட்டும் பி.எஃப். கணக்கில் சேரும். எங்கே போனாலும் நமக்காகத்தான் போகிறது. மொத்தம் 3,85,200.

19,000 ரூபாய் குறைந்த வேலை, ஆண்டுக் கடைசியில் 67,000 ரூபாய் முன்னால் நிற்கிறது. டெல்லிக்காரர்கள் மாதம் சுமார் 61,500 தந்தால்தான் இரண்டும் சமம். இந்தச் "சம எண்" தான் பேரம் பேச உங்களுக்கு வேண்டியது. அதைக் கண்டுபிடிக்காமல் போனில் "யோசித்துச் சொல்றேன் சார்" என்று சொல்வதில் பயனில்லை.

உங்கள் நிலைமை வேறாகவும் இருக்கலாம். நிறுவனமே அறையும் மெஸ்ஸும் தந்தால் மேலே உள்ள செலவில் பெரும்பகுதி போய்விடும், டெல்லி எளிதாக ஜெயிக்கும். என்னுடன் இருந்த கேரளத்துப் பையன் அப்படித்தான் ஜெயித்தான். அதனால் தங்குமிடம், சாப்பாடு இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு, சம்பளத்தைப் பிறகு கேளுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் உங்களை ஊழியராக எடுக்க மாட்டார்கள், "கன்சல்டன்ட்" என்று போட்டு 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். 55,000 என்றால் கைக்கு 49,500 தான் வரும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. எனவே கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பிடித்தம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அடுத்த வருடம்தான். அதுவரை வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் மாதம் 5,500 குறையும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

முதலில் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கடிதத்தில் லேபர் சப்ளை செய்யும் ஏதோ ஒரு பெயர் இருக்கும். அதுதான் உங்கள் முதலாளி. சட்டம் இதற்கு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தரவில்லை என்றால், வேலையை வாங்கிக்கொள்ளும் முதன்மை நிறுவனம் தர வேண்டும். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இது இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்ட, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குத் தாள் வேண்டும். கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு மூன்றையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து வையுங்கள். கேட் பாஸை வேலை முடியும் அன்றே வாங்கிக்கொள்வார்கள். பிறகு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்து, நீங்கள் ஊழியரா கன்சல்டன்ட்டா என்பது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படும் ஊழியருக்குப் புதிய சட்டப்படி ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, முன்பு போல ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டாம். 11 மாத ஒப்பந்தம் அந்த வாசலுக்கு ஒரு மாதம் முன்பே நின்றுவிடுகிறது, கவனியுங்கள். பன்னிரண்டு மாதமாகப் போடச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. மறுத்தால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட் என்றால் பணிக்கொடை, பி.எஃப்., ஓவர்டைம் எதுவும் கிடையாது.

பி.எஃப். உண்டு என்று சொன்னால் உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். முதல் இரண்டு மாதம் உமங் என்ற அரசு செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது. அப்படியும் நடக்கும்.

நோட்டீஸ் காலம் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் விலக முப்பது நாள், அவர்கள் அனுப்ப ஒரு நாள் என்று எழுதியிருப்பார்கள். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் யாருடையது? சைட் ஆட்கள் மொபிலைசேஷன், டீமொபிலைசேஷன் என்பார்கள். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமல் இருப்பது சகஜம். மருத்துவக் காப்பீடு உங்களுக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா? ஓவர்டைம் இரட்டிப்பா, அல்லது "எல்லாம் சேர்த்துத்தான் இந்தச் சம்பளம்" என்ற வகையா? அனுபவச் சான்றிதழ் எந்த லெட்டர்ஹெட்டில் வரும்?

இவ்வளவும் கேட்டால் வேலை தர மாட்டார்களே என்று தயங்குவீர்கள். ஒரே மின்னஞ்சலில், மரியாதையாக, ஐந்தாறு கேள்வியாக அனுப்புங்கள். பதில் எழுத்தில் வந்தால் போகலாம். "வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று வந்தால் நான் போக மாட்டேன்.

ஐந்தாம் படி: வேலை நிற்கும் நாளுக்கு யார் பொறுப்பு?

நான் கேட்க மறந்த கேள்வி இது. என் சைட் ஓர் அலுவலகக் கட்டடம். டெல்லியில் குளிர்காலம் தொடங்கும்போது காற்று மாசு ஏறும். அதற்கு நான்கு நிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நிலைக்குப் போனாலே பல கட்டுமான வேலைகள் நின்றுவிடும். 2023 நவம்பர் 5 அன்று நான்காம் நிலை அறிவித்தார்கள், நவம்பர் 18-இல்தான் தளர்த்தினார்கள். அத்தனை நாளும் அறையில் இருமிக்கொண்டு படுத்திருந்தேன். என்னை எடுத்த ஒப்பந்தக்காரர் "வேலை இல்லை, கூலி இல்லை" என்றார். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் என்னால் வாதாட முடியவில்லை. வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது.

அந்த ஓட்டை அடைபடுவதற்குள் டிசம்பர் 4 வந்தது. மிக்ஜாம் புயல். தண்டையார்பேட்டை வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மாவை மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களும் ரத்து. போன் டவரும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மனைவியின் குரல் கேட்டது. "நாங்க நல்லாருக்கோம், நீங்க சாப்டீங்களா?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

வெளியூர் கான்ட்ராக்டுக்கு டெல்லி என்றில்லை, எங்கே போனாலும் இரண்டு வரி கடிதத்தில் இருக்க வேண்டும். அரசு உத்தரவால் வேலை நின்றால் சம்பளம் உண்டா? வீட்டில் அவசரம் என்றால் எத்தனை நாள் விடுப்பு, சம்பளத்தோடா இல்லாமலா? அப்புறம், ஒரு விமான டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதை வேறெதற்கும் தொடக் கூடாது.

ஆறாம் படி: அங்கே எப்படி இருப்பீர்கள்?

சைட் எங்கே என்று தெரிந்த பிறகு அறை தேடுங்கள், முன்னால் தேடாதீர்கள். டெல்லி விரிந்த ஊர். தமிழ் ஆட்கள் பக்கத்தில் வேண்டும் என்று கரோல் பாகிலோ முனிர்காவிலோ அறை எடுத்துவிட்டு ஊரின் மறுகோடிக்கு வேலைக்குப் போவது வீண். ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப் என்று நம் ஆட்கள் பல பத்தாண்டுகளாக இருந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும் வீடு ஒதுக்கினார்கள், அதுவும் ஊரின் வட கோடியில் நரேலாவில். பக்கத்து வீடுகளில் வேலை பார்த்துவந்த பெண்களுக்கு அந்த வேலைகள் எட்டாத தூரமாகிவிட்டன. சென்னையில் குடிசைகளை இடித்துக் கண்ணகி நகருக்கு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்த நமக்கு இது புதிய கதையில்லை.

அறைக்கு முன்பணம் சென்னை அளவுக்குக் கேட்க மாட்டார்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத வாடகைதான். கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுவிடுங்கள். வாடகைதாரர் பற்றிப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்பதால் ஆதார் நகல், போட்டோ கையில் இருக்கட்டும்.

இந்தி தெரியாமல் சமாளிக்கலாமா? அலுவலகத்தில் சமாளிக்கலாம். சைட்டில் முடியாது. பீகார், ஜார்கண்ட் தம்பிகள் முப்பது பேரைக் காலையில் நிற்க வைத்து டூல்பாக்ஸ் டாக் கொடுக்க வேண்டும். "அந்த பேனலைத் தொடாதே" என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால் உயிர் போகும் விஷயம். போவதற்கு முன் இரண்டு மாதமாவது பழகுங்கள். இதற்கு டியூஷனும் வேண்டாம், நம் மெட்ரோ சைட்டுகளிலேயே அந்தத் தம்பிகள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போனால் தமிழ் காதில் விழும். குடும்பத்தோடு போவதாக இருந்தால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் 11 மாத ஒப்பந்தத்தை நம்பிப் பிள்ளையின் பள்ளியை மாற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஏழாம் படி: வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

"போகட்டுமா?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்றுதான் பதில் வரும். அது பதிலே இல்லை. வேலைகளைப் பட்டியல் போட்டுக் கேளுங்கள். அம்மாவுக்கு மாதாமாதம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சுகர் மாத்திரை வாங்க யார் வரிசையில் நிற்பது? தண்ணீர் லாரி வந்தால் குடத்தை யார் மேலே ஏற்றுவது? பள்ளிக் கூட்டத்துக்கு யார்? ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று என்றால் தெருவில் யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மனைவியின் பெயரே வந்தால், நீங்கள் சம்பாதிக்கப் போகும் பணத்தில் பாதி அவருடைய உழைப்பு. அப்படியே கணக்கில் எழுதுங்கள்.

எட்டாம் படி: எப்போது போகலாம்?

இதுவரை படித்துவிட்டு, நான் போக வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். இருபத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா நடமாட்டத்தோடு இருக்கிறார்கள், கையில் பெரிய சைட் அனுபவம் இல்லை என்றால் கணக்கு கொஞ்சம் நஷ்டம் காட்டினாலும் போங்கள். மணலியில் ஐந்து வருடம் ஒரே பேனலைப் பார்ப்பதை விட, ஒரு பெரிய கட்டடத்தின் மின்வேலையை அடியிலிருந்து முடி வரை ஒரு வருடம் பார்ப்பது அடுத்த சம்பளத்தைத் தீர்மானிக்கும். எனக்கே மாதவரம் பக்கத்து வேலை கிடைத்தது அந்த டெல்லி அனுபவத்தால்தான். கடன் அடைக்க வேண்டும், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள் என்றாலும் போகலாம்.

வீட்டில் படுத்த நோயாளி, கைக்குழந்தை, அல்லது கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மனமில்லை என்றால் சம எண்ணுக்கு மேல் எவ்வளவு தந்தாலும் நான் தள்ளிப்போடுவேன். இடையில் இருப்பவர்கள் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் நோட்டைப் பாருங்கள்.

கடைசிப் படி: போவதென்றால் திரும்பும் தேதியோடு போங்கள்

ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள், புதுப்பிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கடைசி மாதத்தில் பாக்கிச் சம்பளம், சான்றிதழ், டி.டி.எஸ். சான்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். விலகினாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. என் காலத்தில் அது நடைமுறைக்கு வரவில்லை. கடைசி மாதச் சம்பளம் என் கைக்கு வர நான்கு மாதம் ஆனது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இங்கிருந்து ராத்திரி கிளம்பி, அடுத்த நாள் முழுக்க ஓடி, அதற்கும் மறுநாள் காலையில் டெல்லி சேரும். பொங்கல், தீபாவளிக்கு முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். லீவு பிறகு கேட்டுக்கொள்ளலாம்.